உழவு இயந்திரத்தின் டிபரன்சல் பூட்டு: தெரிவும் பொருத்தலும் பயன்பாடும்

பெரும்போக மழை தொடங்கியபின் வயலில் இறங்கும் நான்கு சில்லு உழவு இயந்திரங்களிற் சில, ஒரு பின்சில்லு வீணே சுழல, மற்றைய பின்சில்லு அசையாது நிற்க, சேற்றிற் சிக்கிக்கொள்வதைக் கமக்காரர் அடிக்கடி காண்பர். எஞ்சினிற் போதிய வலு இருக்கின்றது, டீசலும் எரிகின்றது, ஆயினும் இயந்திரம் ஓரடிதானும் நகர்வதில்லை. சுழலும் சில்லு மேலும் மேலும் குழி தோண்டிக்கொள்கின்றது. விதைப்புக்கு உரிய நாள் தவறிப்போகின்றது.

இவ்விடருக்கு ஒரு பரிகாரமாகவே டிபரன்சல் பூட்டு அமைக்கப்பட்டுள்ளது. எனினும், இப்பூட்டு தம் இயந்திரத்தில் உண்டு என்பதையே அறியாத சாரதிகள் சிலர். அறிந்தும், சில்லுப் புதைந்த பின்னரே அதனை மிதிப்போர் பலர். முன்னவர் பயனை இழக்கின்றனர். பின்னவர் பற்களை உடைக்கின்றனர். சில வேளைகளில் உயிரையும் இழக்கின்றனர். ஆகவே இவ்வுறுப்பின் தொழில், அதனைத் தெரிவு செய்யும் முறை, பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை, வயலிற் பயன்படுத்தும் ஒழுங்கு ஆகியன இங்கு விளக்கப்படுகின்றன.

டிபரன்சலின் தொழில்

உழவு இயந்திரம் வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சில்லு உட்புறச் சில்லிலும் கூடிய தூரம் ஓடவேண்டும். பின்சில்லுகள் இரண்டுக்கும் இடையே 5 அடி அகலம் உண்டெனக் கொள்வோம். இயந்திரம் ஒரு முழு வட்டம் சுற்றினால் வெளிச்சில்லு உட்சில்லை விட ஏறத்தாழ 31 அடி கூடுதலாக ஓடும். வரம்பின் மூலையிற் கால்வட்டம் திரும்பினாற்கூட இவ்வேறுபாடு ஏறத்தாழ 8 அடியாகும். இரு சில்லுகளும் ஒரே தண்டில் இறுகப் பிணைக்கப்பட்டிருப்பின், இவற்றுள் ஒன்று நிலத்தில் இழுபட்டே தீரும். ரயர் தேயும், தண்டு முறுகும், திருப்புதலும் கடினமாகும்.

இதனைத் தவிர்த்தற்பொருட்டுப் பின்னச்சின் நடுவே பற்சில்லுத் தொகுதி ஒன்று வைக்கப்பட்டுள்ளது. அதுவே டிபரன்சல் எனப்படும். எஞ்சினின் வலுவை இரு சில்லுகளுக்கும் பகிர்ந்து கொடுத்து, அதே வேளையில் அவை வெவ்வேறு வேகத்திற் சுழலவும் அது இடமளிக்கின்றது. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஒனேசிபோர் பெக்கர் என்பார் 1828ஆம் ஆண்டிலே நீராவி வண்டியொன்றுக்காக இத்தகைய அமைப்புக்கு உரிமம் பெற்றார். இன்று மோட்டார் வண்டி, லொறி, ஜீப், உழவு இயந்திரம் ஆகிய யாவற்றிலும் இதனைக் காணலாம்.

இரு சில்லு உழவு இயந்திரங்களிற் பெரும்பாலானவற்றில் டிபரன்சல் இல்லை. அவற்றிற் கைப்பிடியிலுள்ள நெம்பை அழுத்த, அப்பக்கத்துச் சில்லுக்குச் செல்லும் வலு துண்டிக்கப்பட்டு இயந்திரம் திரும்புகின்றது. ஆதலால் இங்கே கூறப்படுபவை நான்கு சில்லு இயந்திரங்களுக்கும் ஜீப் போன்ற வாகனங்களுக்குமே பொருந்துவன.

நன்மையுள் மறைந்த குறை

டிபரன்சல் இரு சில்லுகளுக்கும் சம அளவான விசையையே கொடுக்கும். இதிலேதான் குறை மறைந்துள்ளது. ஒரு சில்லு நிலத்தைப் பற்றமாட்டாது வழுக்கினால், அச்சில்லு ஏற்கக்கூடிய சிறிய விசையளவே மற்றைய சில்லுக்கும் கிடைக்கும்.

ஓர் உதாரணம் கொள்வோம். வலச்சில்லு நொதியலான சேற்றில் நிற்கின்றது. அது வழுக்காது ஏற்கக்கூடிய இழுவை 150 கிலோகிராம். இடச்சில்லு வரம்போரத்து உறுதியான மண்ணில் நிற்கின்றது. அது 600 கிலோகிராம் வரை ஏற்கும். பூட்டாத நிலையில் இடச்சில்லுக்கும் 150 கிலோகிராமே கிடைக்கும். மொத்த இழுவை 300 கிலோகிராம் ஆகும். கலப்பையை இழுக்க 500 கிலோகிராம் வேண்டுமெனின் இயந்திரம் நின்றுவிடும். வலச்சில்லு மாத்திரம் வீணே சுழலும்.

பூட்டு இடப்பட்டதும் இரு சில்லுகளும் ஒரே வேகத்திற் சுழலும்படி பிணைக்கப்படுகின்றன. அப்போது ஒவ்வொரு சில்லும் தன்னாலியன்ற அளவு இழுக்கும். 150உம் 600உம் சேர்ந்து 750 கிலோகிராம் இழுவை கிடைக்கும்; கலப்பையும் நகரும்.

இவ்வுதாரணத்திற் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. பூட்டு புதிதாக எந்தப் பிடிப்பையும் உண்டாக்குவதில்லை. ஒரு சில்லுக்கேனும் உள்ள பிடிப்பை வீணாகாது பயன்படுத்த உதவுகின்றது. இரு சில்லுகளும் ஒருங்கே சேற்றிற் புதைந்திருப்பின், பூட்டினால் வரும் பயன் மிகச் சிறிது.

வகைகளும் தெரிவும்

பூட்டுகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, சாரதி வேண்டியபோது இட்டு, வேண்டாதபோது நீக்கும் பூட்டு. உழவு இயந்திரங்களில் இது பெரும்பாலும் காலால் மிதிக்கும் மிதியினால் இயங்கும். எமது வயல்களிற் நெடுங்காலம் பழகிய மசி பேர்குசன் 135, 240 ஆகியவற்றில், இப்பூட்டு பொருத்தப்பட்டிருப்பின், மிதி சாரதியின் வலக்காற் பக்கத்தில் இருக்கும். மிதியை அழுத்தும்போது பல்லுள்ள இணைப்பி ஒன்று நகர்ந்து டிபரன்சற் கூட்டின் பற்களுடன் பொருந்தும். ஜீப்புகளில் இவ்வகைப் பூட்டு காற்றமுக்கத்தாலோ மின்னாலோ கம்பியாலோ இயக்கப்படுவதுண்டு.

இரண்டாவது, தானே பூட்டிக்கொள்ளும் வகை. வலு செல்லும்போது இரு சில்லுகளும் பூட்டப்பட்டே இருக்கும். வளைவில் வெளிச்சில்லு விரைந்தோட மாத்திரம் விடும். சாரதி ஒன்றும் செய்யவேண்டியதில்லை. ஆயினும் வீதியிற் செல்லும்போது சத்தமும் அதிர்வும் உண்டாகும். ஈரவீதியின் வளைவுகளில் வாகனம் எதிர்பாராத வகையில் இழுபடவும் கூடும்.

மூன்றாவது, உராய்வுத் தட்டுகளால் வழுக்கலை ஓரளவு கட்டுப்படுத்தும் வகை. இது முழுப் பூட்டன்று. ஒரு சில்லு முற்றாகப் பிடிப்பிழந்தால் இதன் உதவி குறைவு. தட்டுகள் காலப்போக்கில் தேயும். இதற்கெனக் குறிக்கப்பட்ட ஒயிலும் வேண்டும்.

வயல் வேலைக்கு முதலாவது வகையே ஏற்றது. வரம்பின் தலைப்பில் ஒவ்வொரு சாலுக்கும் இயந்திரம் திரும்பவேண்டியிருப்பதால், திரும்புமுன் நீக்கக்கூடிய பூட்டே வேண்டும். பெரும்பகுதி வீதியிலும் சிறுபகுதி காட்டுப் பாதையிலும் ஓடும் ஜீப்புக்கும் இவ்வகையே பாதுகாப்பானது. ஜீப்பில் ஓர் அச்சுக்கு மாத்திரம் பூட்டு இடுவதாயின் பின்னச்சுக்கே இடுதல் வேண்டும். முன்னச்சைப் பூட்டினால் திருப்புதல் மிகக் கடினமாகும்.

பணம் செலவிடுமுன், பூட்டு உண்மையில் வேண்டுமா என்பதையும் ஆராய்தல் நன்று. மேட்டுநிலப் பயிர்ச்செய்கைக்கும் பெட்டி இழுப்பதற்கும் மாத்திரம் பயன்படும் இயந்திரத்துக்கு அது அவசியமன்று. மன்னார் மாவட்டத்து முருங்கன் பகுதியிலுள்ளது போன்ற கருங்களி மண்ணிலும், குளத்தின் கீழ்ப் பள்ள வயல்களிலும் உழுவோருக்கு அது பெரும் உதவியாகும். ரயர்களின் பற்கள் தேய்ந்திருப்பின் முதலில் அவற்றையே மாற்றுதல் வேண்டும். தேய்ந்த ரயருடன் பூட்டு மாத்திரம் இருந்து பயனில்லை.

பழைய இயந்திரத்தை வாங்குமுன் சோதித்தல்

பழைய இயந்திரங்களிற் பூட்டு மிதி இருந்தும், உள்ளே பற்கள் தேய்ந்து அல்லது இணைப்பி இறுகி, பூட்டு இயங்காதிருத்தல் உண்டு. விற்பவரின் சொல்லை நம்பாது பின்வருமாறு சோதித்துப் பார்க்கலாம்.

இயந்திரத்தைச் சமமான, உறுதியான நிலத்தில் நிறுத்தி எஞ்சினை அணைத்தல் வேண்டும். நிலத்திலிருக்கப்போகும் மூன்று சில்லுகளுக்கும் முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அண்டை கொடுத்து, ஒரு பின்சில்லை ஜக்கினால் நிலத்தை விட்டு ஓரிரு அங்குலம் உயர்த்தல் வேண்டும். ஜக்கை மாத்திரம் நம்பாது, அச்சின் கீழ் உறுதியான கட்டையும் அடுக்குதல் அவசியம். அதன்பின் கியரை நடுநிலையில் வைத்து, கைத்தடுப்பை நீக்கி, உயர்த்திய சில்லைக் கையாற் சுழற்றுக. பூட்டு நீங்கியிருப்பின் அது சுழலும். இப்போது ஒருவர் மிதியை அழுத்த, மற்றவர் சில்லைச் சிறிது சிறிதாகத் திருப்புக. பற்கள் பொருந்தியதும் சில்லு மேலும் சுழலாது நின்றுவிடல் வேண்டும். மிதியை விட்டுச் சில்லைச் சற்று முன்பின் அசைத்ததும் மீண்டும் இலகுவாகச் சுழலல் வேண்டும்.

மிதியை அழுத்தியும் சில்லு தொடர்ந்து சுழலுமாயின் பூட்டு வேலை செய்யவில்லை. மிதியை விட்டபின்னும் சில்லு நின்றேயிருப்பின் வில் உடைந்திருக்கலாம். அல்லது இணைப்பி இறுகியிருக்கலாம். இரண்டாவது குறையே ஆபத்தானது. பூட்டு நீங்காத இயந்திரம் வீதியிலே திருப்புக்கு அடங்காது போகும்.

பொருத்தும்போது கவனிக்க வேண்டியவை

பூட்டில்லாத இயந்திரத்துக்குப் பின்னர் அதனைப் பொருத்த விரும்புவோர், மிதியும் இணைப்பியும் வாங்கினாற் போதுமென எண்ணுதல் கூடாது. இணைப்பியின் பற்களை ஏற்கும் பற்கள் டிபரன்சற் கூட்டிலும் இருத்தல் வேண்டும். அவை இல்லாவிடின் கூட்டையே மாற்ற நேரிடும். ஆகவே இயந்திரத்தின் இனம், தொடர் இலக்கம், அச்சுத்தண்டிலுள்ள நீள்பற்களின் எண்ணிக்கை, கிறவுண் சில்லினதும் பினியனினதும் பல்லெண்ணிக்கை ஆகியவற்றைக் குறித்துக்கொண்ட பின்னரே உதிரிப்பாகம் வாங்குதல் வேண்டும்.

டிபரன்சலைக் கழற்றிப் பூட்டுதல் அனுபவமுள்ள மெக்கானிக்கின் வேலையாகும். எனினும் உரிமையாளரும் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் நன்று. கிறவுண் சில்லுக்கும் பினியனுக்கும் இடையே உள்ள தளர்வு அளக்கப்பட்டதா? இத்தளர்வு ஒரு மில்லிமீற்றரின் பத்தில் ஒன்றிரண்டு பங்கு என்னும் நுண்ணிய அளவினது. சரியான அளவு உற்பத்தியாளரின் கைந்நூலிற் கொடுக்கப்பட்டிருக்கும். பற்களில் நிறப்பசை பூசிச் சுழற்றி, அவை பல்லின் நடுவே பொருந்துகின்றனவா எனப் பார்க்கப்பட்டதா? பேரிங்குகளின் இறுக்கம் சரிபார்க்கப்பட்டதா? போல்ட்டுகள் குறித்த இறுக்கத்துக்கு அளவு காட்டும் சாவியால் இறுக்கப்பட்டனவா? சீல்கள் புதியனவா? இவற்றுள் ஒன்றைத் தவறவிட்டாலும் புதிய பற்சில்லு ஒரு போகத்திலேயே கெட்டுவிடக்கூடும்.

வேலை முடிந்ததும் மிதிக்குச் சிறிது விளையாட்டிடம் இருத்தல் வேண்டும். காலை எடுத்தவுடன் மிதி முழுமையாக மேலெழாவிடின் பூட்டு அரைகுறையாகப் பற்றிநின்று பற்களைத் தேய்க்கும். முற்கூறிய சோதனையை மீண்டும் செய்து பார்த்த பின்னரே இயந்திரத்தை வயலுக்கு எடுத்தல் வேண்டும்.

வயலிற் பயன்படுத்தும் முறை

பூட்டை இடவேண்டிய வேளை சில்லு புதைந்த பின்னன்று, புதையுமுன். எதிரே நொதியலான இடம் தெரியும்போதே, கிளச்சை மிதித்து இயந்திரத்தை நிறுத்தி, பூட்டு மிதியை அழுத்திக்கொண்டு, கிளச்சை மெதுவாக விடுதல் வேண்டும். பற்கள் பொருந்தியதும் நேர்கோட்டில், தாழ்ந்த கியரில், ஒரே வேகத்தில் அவ்விடத்தைக் கடத்தல் வேண்டும். நடுவில் நிறுத்தலும் திருப்பலும் கூடா.

ஒரு சில்லு வேகமாகச் சுழன்றுகொண்டிருக்கையில் மிதியை அழுத்துதல் ஒருபோதும் ஆகாது. சுழலும் பற்களும் நிற்கும் பற்களும் மோதுவதால் அவை சிதறும். சில்லு சுழலத் தொடங்கிவிட்டால் முதலிற் கிளச்சை மிதித்து அதனை நிற்கச் செய்தல் வேண்டும்.

உறுதியான இடம் வந்ததும் மிதியை விடுதல் வேண்டும். விசை தங்கியிருக்கும்போது பற்கள் ஒன்றையொன்று இறுகப் பற்றியிருப்பதாற் சில வேளைகளிற் பூட்டு உடனே நீங்காது. கிளச்சை ஒரு கணம் மிதித்தால் விசை தளர்ந்து பூட்டு நீங்கும். நீங்கிவிட்டதென நிச்சயித்த பின்னரே திரும்புதல் வேண்டும்.

உழவு இயந்திரங்களில் இரு பின்சில்லுகளுக்கும் வெவ்வேறு தடுப்பு மிதிகள் உண்டு. பூட்டில்லாத இயந்திரத்திற் சுழலும் சில்லின் தடுப்பை மாத்திரம் மெதுவாக மிதித்தால் மற்றைய சில்லுக்குக் கூடுதலான விசை செல்லும். சிறிய வழுக்கலுக்கு இதுவே போதும். ஆனாற் பூட்டு இட்டிருக்கும்போது தனித்தடுப்பை மிதித்தல் கூடாது, அச்சுத்தண்டு பழுதடையும். வீதிக்கு ஏறுமுன் இரு தடுப்பு மிதிகளையும் ஒன்றாகக் கொளுவிவிடுதல் வேண்டும். வீதியிலே பூட்டை இடுதல் எக்காரணத்தாலும் ஆகாது.

பிடிப்பைக் கூட்டும் வேறு வழிகள்

ஓரளவு உறுதியான நிலத்திற் பின்ரயர்களுக்கு நீர் நிரப்புதல் சில்லுக்குப் பாரம் கொடுத்துப் பிடிப்பைக் கூட்டும். வால்வை மேலே நிறுத்தி அதன் மட்டம் வரை நிரப்பினால் ரயரின் முக்காற் பங்கு நீர் கொள்ளும். எஞ்சிய இடத்திற் காற்று அடிக்கப்படும். 12.4-28 அளவான ரயர் ஒன்று இவ்வாறு ஏறத்தாழ 150 லீற்றர் நீரை ஏற்கும். ஆழமான சேற்றிலோ இப்பாரம் தீங்காகும். இயந்திரம் மேலும் தாழும். அவ்விடத்தில் ரயர்களுக்குப் பக்கத்தே பொருத்தும் இரும்புக் கூட்டுச் சில்லுகளே உதவும். அவை சேற்றின்மேற் பாரத்தைப் பரப்பி இயந்திரத்தைத் தாங்கும்.

உயிருக்கு ஆபத்தான தவறு

சில்லு புதைந்தபின் கமக்காரர் சிலர் மேற்கொள்ளும் ஒரு முறையை இங்கே கண்டித்துக் கூறவேண்டியுள்ளது. பின்சில்லுகளின் முன்னே மரக்குற்றியை இட்டு, சில வேளைகளில் அதனைச் சில்லுடன் சங்கிலியாற் கட்டி, பூட்டையும் மிதித்து, எஞ்சினை வேகப்படுத்துவர். இதனால் வரும் கேடு பெரிது.

எஞ்சினின் வலு பின்னச்சைத் திருப்ப முயலும்போது, அச்சு எதிராக இயந்திரத்தின் உடலைத் திருப்ப முயல்கின்றது. சில்லுகள் உருளும்வரை இது தெரிவதில்லை. சில்லுகள் உருளமுடியாதபடி தடுக்கப்பட்டால், பினியன் நிற்கும் கிறவுண் சில்லின்மேல் ஏறத் தொடங்கும். சில்லுக்குப் பதிலாக இயந்திரத்தின் முன்பக்கமே மேலெழும். முன்பக்கம் எழுந்து, இயந்திரம் பின்புறமாகச் சாரதியின்மேற் கவிழ்வதற்கு ஏறத்தாழ ஒன்றரை வினாடியே போதும். என்ன நிகழ்கின்றது என்று உணர்ந்து கிளச்சை மிதிக்கச் சாரதிக்கு நேரம் இராது. பூட்டு இட்டிருக்கும்போது வலு ஒரு சில்லின் வழியே வீணாகாமல் இரு சில்லுகளிலும் நிற்பதால் இவ்வாபத்து மேலும் கூடுகின்றது.

புதைந்த இயந்திரத்தை மீட்கும் முறையாவது: முதலில் எஞ்சினை அணைத்து, கலப்பையைக் கழற்றுதல் வேண்டும். சில்லுகளின் பின்புறத்துச் சேற்றை மண்வெட்டியால் வெட்டிச் சரிவான வழி அமைத்தல் வேண்டும். அவ்வழியே பின்கியரில் மெதுவாக வெளியேற முயலுதல் வேண்டும். பின்நோக்கிச் செல்லும்போது முன்பக்கம் மேலெழுவதில்லை. வந்த வழியும் ஓரளவு உறுதியானதே. அதுவும் பயனளிக்காவிடின் மற்றோர் இயந்திரத்தைக்கொண்டு இழுத்தல் வேண்டும். இழுக்கும் இயந்திரத்திற் சங்கிலியைத் தாழ்ந்துள்ள இழுவைச் சட்டத்திலே கட்டுதல் வேண்டும். பின்னச்சிலோ அதற்கு மேலோ கட்டினால் இழுக்கும் இயந்திரமும் கவிழும். சங்கிலியோ கம்பிக்கயிறோ அறுந்தாற் சவுக்குப்போல் வீசும். ஆதலால் அதன் நீளத்துக்கும் அப்பால் அனைவரும் விலகி நிற்றல் வேண்டும். சிறுவர்களை வரம்பிலும் நிற்க விடுதல் கூடாது.

சாரதியின் இருக்கையைச் சூழ்ந்த உறுதியான பாதுகாப்புச் சட்டகமும் இருக்கைப் பட்டியும் இத்தகைய விபத்துகளில் உயிரைக் காப்பன. புதிய உழவு இயந்திரங்களுக்கு இச்சட்டகத்தை 1959ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாடு கட்டாயமாக்கிற்று. அதன்பின் அங்கு இயந்திரம் கவிழ்ந்து இறப்போர் தொகை பெரிதும் குறைந்தது. சட்டகத்துடன் வந்த இயந்திரத்திலிருந்து, மரக்கிளையில் முட்டுகின்றது என்பதற்காக அதனைக் கழற்றிவைத்தல் அறிவுடைமையன்று.

பராமரிப்பு

பூட்டின் ஆயுள் ஒயிலிலே தங்கியுள்ளது. கைந்நூலிற் குறித்த இன ஒயிலையே குறித்த மட்டத்துக்கு இடுதல் வேண்டும். பல இயந்திரங்களிற் பின்பகுதி ஒயிலே கலப்பையைத் தூக்கும் நீரியற் பொறிக்கும் பயன்படுகின்றது. ஆழச் சேற்றில் வேலை செய்தபின் ஒயில் பால்போல் வெளுத்திருப்பின் சீல் வழியே நீர் புகுந்துள்ளது. சீலைப் பழுது பார்த்து ஒயிலை உடனே மாற்றுதல் வேண்டும். வடிக்கும் ஒயிலில் இரும்புத் துண்டுகள் காணப்படின் பற்கள் உடைந்துள்ளன என்பது பொருள். போகம் முடிந்ததும் மிதியின் மூட்டிலுள்ள சேற்றைக் கழுவி, கிறீஸ் இட்டு வைத்தல் வேண்டும். உழவில்லாத மாதங்களிலும் இடையிடையே மென்மையான நிலத்தில் நேராகச் சில யார் தூரம் பூட்டை இட்டு ஓட்டினால் இணைப்பி துருப்பிடித்து இறுகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. பூட்டு, உள்ள பிடிப்பைப் பயன்படுத்தும். இல்லாத பிடிப்பை உண்டாக்காது.
2. புதையுமுன் இடுக, திரும்புமுன் நீக்குக.
3. சுழலும் சில்லை நிறுத்தாமற் பூட்டை மிதித்தல் கூடாது.
4. வீதியிற் பூட்டை இடுதல் கூடாது.
5. சில்லுக்கு முன்னே குற்றியிட்டு முன்நோக்கி ஏற முயலுதல் கூடாது, பின்நோக்கியே வெளியேறுக.

ஒரு நாள் வேலை தாமதித்தால் மறுநாள் உழலாம். சாரதியின் உயிர் போனால் அக்குடும்பத்துக்கு ஈடு செய்வார் எவருமிலர். மேலும் விளக்கம் வேண்டுவோர் தத்தம் பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகி, தம் இயந்திரத்திலேயே இச்சோதனைகளைச் செய்து காட்டும்படி கேட்டுக்கொள்ளலாம்.